ஒட்டுத்தாள்

சண்டைப்பட நாயகி ரூபலதாவை வைத்து ஒரே ஒரு காமிக்ஸ் வந்தது. அதை வரைந்த பரஞ்சோதியைத் தேடி, நாற்பது வருடம் கழித்து, அதன் பழைய பிரதியோடு ஒரு பெண் வந்திருந்தாள்.

“ரூபலதாவுக்கு டூப் போட்டது எங்கம்மாதான் சார். வீட்ல ஒரு போட்டோகூட இல்ல. இதுல எங்கயாச்சும் தெரியுறாங்களா?”

பரஞ்சோதிக்குச் சுருக்கென்றது. பாலத்திலிருந்து குதிக்கும் காட்சியைப் படப்பிடிப்பு ஸ்டில்லைப் பார்த்து வரைந்தபோது, குதித்தவளின் முகத்தையே அச்சு அசலாக வரைந்துவிட்டார். “யாருய்யா இவ? ஹீரோயின் மூஞ்சியப் போடு!” என்று ஆசிரியர் கத்தியதும், ரூபலதாவின் முகத்தைத் தனித்தாளில் வரைந்து வெட்டி, பசை தடவி மேலே ஒட்டினார். அன்று அவருக்கு எதுவும் உறுத்தவில்லை.

பரணிலிருந்து அந்த மூலப்பக்கத்தை எடுத்து, ஒட்டுத்தாளை ஈரத்துணியால் நனைத்து, பிளேடு முனையால் நெம்பினார். காகிதத்தின் மேல்தோலோடு சேர்ந்து உரிந்து வந்தது. அடியில் முகம் இல்லை, வெறும் வெள்ளை.

“அவசரப்பட்டுட்டேம்மா...”

அவள் ரூபலதாவின் முகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அதன் முதுகில், ஈரத்தில் கரைந்ததுபோக, அம்மாவின் இரண்டு கண்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா பேரு என்னன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லியே சார்?” என்றாள்.