ரிப்போர்ட் சுத்தம்

"நேத்து விட்டுட்டுப் போன உங்க காரை ஸ்கேனர் போட்டுப் பாத்தாச்சு சார். ரிப்போர்ட் சுத்தமா இருக்கு" என்றாள் ஒர்க்‌ஷாப் முதலாளியம்மா.

கார்க்காரருக்குச் சுருக்கென்றது. "பிரேக் பிடிச்சா சத்தம் வருதும்மா. என் காதால கேக்குறேன்."

"மனசுல பயம் இருந்தா அப்படித்தான் கேக்கும். நெட்ல கண்டதையும் படிச்சிருப்பீங்க."

"தினமும் ஓட்டுறவன், எனக்குத் தெரியாதா? சக்கரத்தைக் கழட்டிப் பாருங்க!"

"மெஷினே ஒண்ணும் இல்லைங்குது. ஆறு மாசம் கழிச்சு வாங்க, பாத்துக்கலாம்."

"ஆறு மாசமா?" கார்க்காரர் மேசையை ஓங்கித் தட்டினார். "அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா என் உயிருக்கு யார் பொறுப்பு?"

"இதைத்தான் போன வாரம் உங்க ரூம்ல நானும் கேட்டேன் டாக்டர். மார்புல கட்டி கையில தட்டுப்படுதுன்னு சொன்னேன். ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு, இதே பதிலைச் சொல்லித்தான் அனுப்பி வச்சீங்க."

டாக்டர் இப்போதுதான் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். அன்றைக்கு ரிப்போர்ட்டை மட்டும்தான் பார்த்திருந்தார்.

"நாளைக்குக் காலைல வாங்கம்மா. ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம்." குரல் இறங்கிவிட்டது. "அப்புறம்... என் வண்டி?"

"நேத்தே கழட்டியாச்சு. பிரேக் டிஸ்க்குல விரிசல் இருந்துச்சு, மாத்திட்டேன்." அவள் சாவியை நீட்டினாள். "மெஷின் கடைசி வரைக்கும் ஒண்ணும் காட்டலை டாக்டர். உங்க காதை நம்பித்தான் கழட்டினேன்."