முதலில் கேட்க வேண்டிய பெயர்

"எதிர்த்தரப்பு யாருன்னு கேட்டியா?"

வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் சீனியர் அவளிடம் கேட்ட கேள்வி அது. கேட்கவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டாள். "முதல்ல பேரைக் கேளு, அப்புறம் கதையைக் கேளு. கேட்ட கதையைக் காதுலேர்ந்து கழுவ முடியாதும்மா" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவள் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இந்தச் சனிக்கிழமை காலை வரைக்கும்.

நூலகத்தின் பின்னறையில் மின்விசிறி தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. பழைய நாளிதழ்க் கட்டுகளுக்கு நடுவே இரண்டு மேசைகள். ஒன்று அவளுக்கு. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது இளம் வக்கீல் ஒருவருக்கு. சனிக்கிழமைகளில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் இந்த ஏற்பாட்டைத் தொடங்கியதே அவள்தான். மற்ற நாட்களில் பெரிய கம்பெனிகளின் வியாபார வழக்குகள்.

"அஞ்சு நாள் பாவம், ஆறாம் நாள் பரிகாரம்" என்று கணவர் கிண்டல் செய்வார்.

வாசலில் நூலகர் ஒவ்வொருவரிடமும் எதிர்த்தரப்பின் பெயரைக் கேட்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார். இப்போது வந்தவளின் சீட்டில் வாடகைத் தகராறு என்பதும் வீட்டு ஓனரின் பெயரும் மட்டும் இருந்தன.

சீட்டில் இருந்தாலும் தானும் ஒருமுறை கேட்டுவிடுவது வக்கீலின் வழக்கம். ஆனால் வந்தவள் உட்காரும் முன்பே உடைந்து அழுதுவிட்டாள்.

"வீடு போயிடும் வக்கீலம்மா. பட்டறையும் போயிடும்."

பட்டறையா? சீட்டில் பட்டறை இல்லையே.

கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். உயர்ந்த கை தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தியது.

அதற்குள் வந்தவள் சொல்லி முடித்துவிட்டாள்.

"எம் புருஷன் சாகுற வரைக்கும் தெரியாது, தெரியாதுன்னுதான் சொன்னாரு. பொய்யிம்மா. அட்டைப்பெட்டிக்குப் போடுற பசையை மட்டமானதா மாத்தினது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

மின்விசிறி அந்தப் பக்கம் திரும்பியது. வக்கீலுக்கு வியர்த்தது.

அட்டைப்பெட்டி. பசை. வழியிலேயே வாயைப் பிளந்த பெட்டிகள், நொறுங்கிப் போன மருந்துப் புட்டிகள். அந்த வழக்கை மருந்துக் கம்பெனிக்காக வருஷக்கணக்கில் சுமந்துகொண்டிருப்பவள் இந்த வக்கீல்தான். பசை மாறியது பட்டறைக்காரருக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடியாமல்தான் இத்தனை நாளாகத் திணறிக்கொண்டிருந்தாள். அவர் இறந்த பிறகு வழக்கில் மனைவியைச் சேர்த்திருந்தார்கள். பெயர் தெரியும், முகம் தெரியாது. திங்கட்கிழமை அந்த மனைவியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். ஜெயித்தால் அலுவலக வாசல் பலகையில் பங்குதாரராகத் தன் பெயரும் ஏறும்.

"கேஸ் போட்டது எந்தக் கம்பெனிம்மா?"

வேறு ஏதாவது பெயர் வரட்டும். அட்டைப்பெட்டி செய்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர்.

வந்தவள் பெயரைச் சொன்னாள். அதே பெயர்தான்.

ஆலோசனை கேட்டு வந்தவள் நம்பிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவளுக்கு எதிராகவே கோர்ட்டில் நிற்கக் கூடாது. வழக்கை விட்டு விலகியாக வேண்டும். இங்கே காதில் விழுந்ததைக் கம்பெனியிடம் மூச்சுவிடவும் கூடாது.

விலகாவிட்டால்?

தடுப்புக்கு இந்தப் பக்கம் இரண்டே பேர். தடுப்புக்கு அந்தப் பக்கம் இளம் வக்கீல் கைபேசியில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாவுக்கோ எதிரில் இருப்பது யாரென்றே தெரியாது. திங்கட்கிழமை கோர்ட்டில் பார்த்து அதிர்ந்து போவாள். அதிர்ந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வாள்? சொன்னாலும் யார் நம்புவார்கள்?

அப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததே அவளைப் பயமுறுத்தியது. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாசலை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

"இவங்ககிட்ட எதிர்த்தரப்பு யாருன்னு கேட்டீங்களாக்கா?"

நூலகர் தலையை நீட்டினார். "கேக்காம விடுவேனா? வீட்டு ஓனர்னாங்க. பக்கத்து மேசைத் தம்பி ஈ ஓட்டிக்கிட்டு இருக்காரு, அவரைப் பாருங்கன்னேன். ம்ஹூம், உங்களைத்தான் பாக்கணுமாம். போன வாரம் நீங்க வரலைன்னதும் திரும்பிப் போனவங்க மேடம் இவங்க. உங்களுக்கு ரசிகர் மன்றமே ஆரம்பிச்சிருவாங்க போல!"

தலை சிரித்துக்கொண்டே மறைந்தது.

மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பியது. மேசையிலிருந்த சீட்டு பறந்து கீழே விழுந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

வந்தவளின் அழுகை நின்றிருந்தது. கம்பெனியின் பெயரைச் சொல்லும்போதே நின்றுவிட்டதா? வக்கீலுக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை கோர்ட்டில் இவள் அதிர்ந்து போகமாட்டாள்.

"நான் யாருன்னு தெரிஞ்சுதானே வந்தீங்க? நான் கேஸை விட்டு விலகணும்னுதானே சொன்னீங்க?"



வந்தவள் குவளையை எடுத்துத் தண்ணீரை முழுவதும் குடித்தாள். அவள் விரல் நுனிகளில் பசை காய்ந்து, தோல் உரிவது போல வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. குவளையை ஓசைப்படாமல் வைத்தாள். கைப்பையை மூடினாள். நாற்காலியை இருந்த இடத்திலேயே ஒழுங்காகத் தள்ளி வைத்தாள்.

வெளியே போனாள்.