எரிச்சலை வாங்கியவர்

எஸ்தரின் கன்னத்து உட்சதையில் வெள்ளை வலை படர்ந்து வருடக்கணக்காகிறது. லைக்கன் பிளானஸ் என்றார் டாக்டர். களிம்புக்கும் கொப்பளிக்கிற மருந்துக்கும் அது கேட்கவில்லை. கஞ்சி பட்டாலே வாய் தீயாய் எரிந்தது. கடைசியில் புது சிகிச்சை செய்தார்கள். இனி அவள் சாப்பிட்டால் எரிச்சல் மட்டும் இன்னொருவர் வாய்க்குப் போய்விடும். மனமுவந்து அதை வாங்கிக்கொண்டது யாரென்று ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்களாம்.

இன்று மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து தின்றாள். எரியவே இல்லை. ஆனால் எதிரே கணவன் தங்கதுரையும் சாதாரணமாகத்தான் தின்றுகொண்டிருந்தான்.

“உண்மையச் சொல்லுங்க, நீங்கதான?”

“நான் இல்லட்டி. கேட்டுப் பாத்தேன், பொருந்தலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

மாமியாரும் நிம்மதியாக முள் எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் யார்தான்? குழப்பம் தாங்காமல் ஒரு பச்சை மிளகாயை நறுக்கென்று கடித்து, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு சலனமும் இல்லை.

போன் அடித்தது. வீட்டுப் பங்கில் சண்டை போட்டு, அம்மாவின் சாவு வீட்டில்கூட முகம் கொடுத்துப் பேசாத தங்கை ரூபி.

“மொளகாயா கடிச்ச, அக்கா?” அவளுக்கு மூச்சு வாங்கியது. “பரவால்ல, தின்னு. ஆனா கொஞ்சம் மெதுவா. நான் பஸ்ல நிக்கேன்.”

வாயிலிருந்த மிளகாயை விழுங்குவதா துப்புவதா என்று எஸ்தருக்குத் தெரியவில்லை.