பிறந்த இடத்திலேயே

பளு தூக்குகையில் தோள் தசை கிழிந்து வந்த ரெக்ஸலினைத் தொட, அறுவை இயந்திரம் மறுத்துவிட்டது. தோளுக்குப் போகும் ரத்தக்குழாய், அதனுள் பதித்திருந்த மாதிரி உடற்படத்தில் உள்ள இடத்தில் கிளைக்கவில்லையாம்.

“மொதல்ல குழாய இடம் மாத்திருவோம்மா. எல்லாருக்கும் செய்யுறதுதான்,” என்றார் டாக்டர் தனுஷ்கோடி.

“நல்லா ரத்தம் ஓடுற குழாய எதுக்கு சார் வெட்டணும்? நான் நூறு கிலோ தூக்குனது இத வச்சுத்தான். உங்க படத்த மாத்துங்க!”

“மெஷின் ஒத்துக்காதும்மா.” சொல்லும்போதே அவர் கை தன் கழுத்துக்குப் போனது. காலருக்குள் பழைய தழும்பு தெரிந்தது.

“உங்களுக்கும் மாத்திட்டானுவளா சார்?”

அவர் காலரை இழுத்துத் தழும்பை மூடினார்.

“எனக்கு மாத்த விடமாட்டேன். குழாய் பொறந்த எடத்துலயே கெடக்கட்டும். நீங்களே கத்திய எடுங்க.”

கத்தியைத் தொட்டே பல வருடங்களாகிவிட்ட டாக்டர், இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.