துக்க லீவு

பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து வாயில் ஊட்டினாள் ராஜாத்தி. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு, "வெயிலுக்கு முன்னால குளிச்சிட்டு வந்துருங்கடா ரெண்டு பேரும்" என்றாள். ஒச்சாண்டியிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

கூட்டிக்கொண்டு போன மூத்தவன் திலீபன் பாதி வழியிலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்தான். வரப்போரத்தில் ஒச்சாண்டியைப் பாம்பு தீண்டிவிட்டது. டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

திராட்சைப் பந்தலை ஒட்டிய மேட்டில் அடக்கம் செய்தார்கள். கொட்டு, வேட்டு, 'கண்ணீர் அஞ்சலி' ஃபிளெக்ஸ் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. வாடிவாசலில் ஒரு தடவைகூடப் பிடிபடாத காளைக்குச் சுருளிப்பட்டி செய்கிற மரியாதை அது.

அன்றிலிருந்து ராஜாத்தி சோற்றில் கை வைக்கவில்லை.

மகள் சினேகா நெதர்லாந்தில் இருந்தாள். சுற்றுச்சூழல் கொள்கை படிக்கிறவள். அங்கே மேய்ச்சல் நிலங்களைக் காக்கும் ஓர் அலுவலகத்தில் இன்டெர்ன்ஷிப். ஒச்சாண்டி தாயில்லாக் கன்றாக வந்தபோது 'தம்பி, தம்பி' என்று பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தவள் அவள்தான்.

தான் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து கொடுத்தால்தான் அம்மா சாப்பிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாமல் கிளம்பினால் சான்றிதழ் கிடையாது, படிப்பே ஒரு வருஷம் தள்ளிப்போகும். மாடு செத்ததற்கு எந்த ஆபீஸில் லீவு தருவார்கள்? "தம்பி இறந்துட்டான்" என்று மேலதிகாரி ஹன்னா மேடத்திடம் சொல்லிவிட்டாள். அவள் மனசுக்கு அது பொய்யாகவும் படவில்லை.

மேடம் விடவில்லை. குடும்பத்தாரிடம் வீடியோவில் துக்கம் கேட்டே ஆகவேண்டும் என்றார்.

"நீதாண்ணே சமாளிக்கணும்" என்று சினேகா திலீபனைக் கெஞ்சினாள். "அம்மா என்ன சொன்னாலும் நீ மாத்திச் சொல்லு."

திலீபன் தோட்டத்துத் தண்ணீர் டிரம்மில் போனைச் சாய்த்து வைத்து, அம்மாவை எதிரே உட்காரவைத்தான். மேடம் முதலில் வயசு கேட்டார்.

"இப்பத்தான் ஆறு பல்லு போட்டான்" என்று ராஜாத்தி தேம்பினாள். மாட்டுக்குப் பல்லை எண்ணிச் சொல்கிற அந்த வயசை, இளவயசு என்று திலீபன் மொழிபெயர்த்தான்.

எப்படிப்பட்ட பிள்ளை என்றார் மேடம்.

"கூட்டத்துல எவன் கிட்ட வந்தாலும் குத்திக் கொடலை எடுத்துருவான். ஆனா சின்னப்புள்ளைக கையை நக்கிக்கிட்டே நிப்பான்."

கூச்ச சுபாவம், குழந்தைகள் என்றால் உயிர் என்றான் திலீபன். எப்படி இறந்தான் என்ற கேள்விக்கு மட்டும் அவன் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மேடம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது பின்னால் ஃபிளெக்ஸ் காற்றில் படபடத்தது. அதை முன்கூட்டியே கழற்றி வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. மாலையும் கழுத்துமாக, ஆள் உயரத்துக்கு ஒச்சாண்டி. காலடியில் ஊர் இளவட்டங்களின் சின்னச் சின்ன முகங்கள். இது யார் என்றார் மேடம்.

தம்பி வளர்த்த காளை, எங்கள் பக்கம் இப்படித்தான் படம் வைப்போம் என்று திலீபன் ஒப்பேற்றினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ராஜாத்தி எழுந்துபோய் அந்தப் படத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த மேடம், அந்தக் காளை எப்படி இருக்கிறது, தீனி எடுக்கிறதா என்று கேட்டார். திலீபனின் வாய் சும்மா இருக்கவில்லை. தம்பி போனதிலிருந்து அது புல்லைத் தொடவில்லை என்றான்.

அதுவரை மரியாதைக்கு வருத்தப்பட்டுக்கொண்டிருந்த மேடம், கண்ணாடியைக் கழற்றிவிட்டு விசும்ப ஆரம்பித்தார். பேச முடியாமல் போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் சினேகா கூப்பிட்டாள்.

"லீவு என்னாச்சு?"

"தம்பி செத்ததுக்கு மூணு நாளு."

திலீபனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "வந்து போறதுக்கே காணாது. அம்மா ரெண்டு வாய் திங்கிறதுக்குள்ள நீ ஏர்போர்ட்டுல நிக்கணும்."

"முழுசாக் கேளுண்ணே. மாட்டுக்கு ஒரு மாசம்."

வளர்த்தவனை இழந்து ஒரு ஜீவன் பட்டினி கிடக்கும்போது, இங்கே உட்கார்ந்து மேய்ச்சல் கொள்கை எழுதி என்ன பிரயோசனம் என்று மேடம் சொல்லிவிட்டாராம். அந்த ஒரு மாசமும் இன்டெர்ன்ஷிப்பில் சேர்த்தியாம். டிக்கெட்கூடப் போட்டாகிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாக" என்றாள் சினேகா. குரல் இறங்கியது. "அது தீனி எடுக்குறத தெனமும் வீடியோவுல காட்டணுமாம்."

திலீபன் திருதிருவென்று அம்மாவைப் பார்த்தான். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ராஜாத்தி, இத்தனை நாளில் முதல்முறையாக, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அவந்தானேடி செத்தது."