பலூனும் நூலும்

“ஏம்மா, ஒருத்தி அட்டையில இன்னொருத்திய உள்ளே தள்ளப் பாக்கறீங்களா?” சிறுநீரகப் பிரிவின் வரவேற்பாளர் அட்டையிலிருந்த படத்தையும் சிறுமியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவதான் சார் அது. இன்னிக்கு ரிசல்ட். உள்ளே விடுங்க.”

“யார் காதுல பூ சுத்தறீங்க? அது பலூன், இது நூல்!”

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. “இன்னொரு தடவை சொல்லுங்க சார்” என்றாள்.

“அம்மா, அவர் என்னை நூல்னு சொல்றாரும்மா!”

“சொல்லட்டும்டி, நல்ல வாய்!”

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். “சிறுநீரகத்தைத் தாக்கின லூபஸ் நோய் அடங்கிடுச்சும்மா. சிறுநீர்ல புரதம் போறது நின்னாச்சு. ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைச்சதும் முகவீக்கம்கூட வடிஞ்சிருக்கு பாருங்க.”

“தெரியும் டாக்டர்.” அம்மா வரவேற்பாளரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “இவர் முதல்லயே சொல்லிட்டார்.”