பரீட்சை முடியும்வரை

பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை பிள்ளைகள் காதில் அந்தக் குட்டிக் கருவி இருக்க வேண்டும் என்பது பள்ளியின் கண்டிப்பு. வீட்டில் யார் பேசினாலும், பதற்றம் தருகிற பேச்சை அது அதே குரலில் இதமாக மாற்றிச் சொல்லிவிடும். எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று பெற்றோரே எழுதிக் கொடுக்கலாம்.

சுகந்தி முதலில் எழுதியது மார்க், கட்-ஆஃப், பெரியப்பா மகள். கடைசியில் யோசித்து, தன் உடம்பைப் பற்றிய பேச்சையும் சேர்த்தாள். பத்தாம் வகுப்பில், அம்மாவுக்குப் பிரஷர் என்று கேட்டுவிட்டுப் போய்த்தான் மகள் மகிழ்மதி கணக்குத் தாளின்மேல் அழுது வைத்தாள்.

இன்று மதியம் ரசத்துக்குத் தாளிக்கும்போது சுகந்தியின் இடது கை மரத்துப்போனது. அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். கூடத்தில் மகள் முதுகைக் காட்டிக்கொண்டு இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள்.

"மகிழு, நெஞ்சை அடைக்குதுடி. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"சரிம்மா. நானே போட்டுச் சாப்பிட்டுக்கறேன்."

"மகிழு, மூச்சு விட முடியல."

மகள் சிரித்தாள். இப்போதெல்லாம் அம்மா எவ்வளவு மாறிவிட்டாள்.

"நீ நிம்மதியாத் தூங்கும்மா," என்று பக்கத்தைத் திருப்பினாள். "நான் எழுப்ப மாட்டேன்."